‘வேலை பாத்திருக்கேன்’ என்று எழுதி மூன்று மாதம் வீட்டில் இருந்த கதை

லீவுக்கு ஊருக்கு வந்து மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டில் மரச்சீனியும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்த என்னைத் தேடி, பக்கத்து வீட்டு அக்காவின் மகள் ஒரு ஃபைலோடு வந்தாள். நாகர்கோவிலில் நர்ஸ். இங்கிலாந்துக்கு விண்ணப்பம் போடுகிறாள். “சித்தி, எல்லாம் சரியாட்டு இருக்கான்னு ஒருதரம் பாத்துத் தாருங்க” என்றாள். இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு வயிறு கலங்கியது. நான் எழுதி மாட்டிக்கொண்ட அதே வரி. அவளுக்குச் சொன்னதையே இங்கே எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

காகித வேலைகளை நீட்ட மாட்டேன், ஏஜென்சிக்காரர்களே வாய் வலிக்கச் சொல்வார்கள். அங்கே தங்குவதற்கு முன்பு தந்த பயோமெட்ரிக் அட்டை 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது, இப்போது எல்லாம் ஆன்லைனில் இருக்கும் இ-விசா. போனதும் ஜி.பி.யிடம், அதாவது அந்தப் பகுதி குடும்ப டாக்டரிடம், பதிவு செய்யுங்கள். வீட்டு முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, வாங்கியதை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். தனியாக இருந்தால் உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியில் 25 சதவீதம் குறையும், கேட்டு வாங்குங்கள். நம்ம ஊர் லைசென்ஸை வைத்து 12 மாதம் ஓட்டலாம். அவ்வளவுதான். இதில் எதிலும் நான் சறுக்கவில்லை. சறுக்கியது ஒரே ஒரு வாக்கியத்தில்.

நான் 2011 முதல் 2017 வரை நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிறகு குவைத். அங்கே இருக்கும்போதுதான் இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தேன். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் பரீட்சையில் மொத்தம் 7, ரைட்டிங்கில் 6.5 வாங்கின திமிர் வேறு. அனுபவம் எழுதும் இடத்தில் இப்படி எழுதினேன்: ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் நாகர்கோவில் ஃபார் சிக்ஸ் இயர்ஸ். ஐ ஆம் வொர்க்கிங் இன் குவைத் சின்ஸ் ஃபோர் இயர்ஸ்.’

நம்ம காதுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. வேலை உறுதி என்று கடிதம் வந்தது. குவைத் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து பெட்டி கட்டினேன். அப்போது நாகர்கோவிலுக்கு ரெஃபரன்ஸ் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரி, ‘2017-ல் விலகிவிட்டார்’ என்று உள்ளதைச் சொல்லிவிட்டது. உடனே எனக்கு ஒரு மெயில்: நீங்கள் இப்போதும் நாகர்கோவிலில் வேலையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவர்கள் இல்லை என்கிறார்கள், குவைத்திலும் இருப்பதாகச் சொல்கிறீர்கள், எது உண்மை? ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் டூட்டி பார்க்கிற அதிசயப் பிறவியாக என்னை நினைத்திருப்பார்கள்.

பதறிப்போய்ப் பதில் போட்டேன்: ‘ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃப்ரம் 2011 டு 2017.’ திரும்பவும் அதே ‘ஹேவ்’! முடிந்துபோனது என்று வருடம் போட்டுவிட்டு, முடியவில்லை என்று வினையில் சொல்கிறேன். கேள்வி மேல் கேள்வி. கடைசியில் ஒரு புண்ணியவதி போனில் அழைத்து, “அப்படியானால் அங்கே இப்போது வேலை பார்க்கவில்லை, அப்படித்தானே?” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் என் பேட்ச் விமானம் ஏறிவிட்டது. அடுத்த பேட்சுக்கு மூன்று மாதம். சம்பளம் இல்லை, அடகு வைத்த நகைக்கு வட்டி மட்டும் ஓடியது. “எதுக்குட்டி இன்னும் போகல்ல?” என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி உயிர் போயிற்று.

தப்பு எங்கே இருக்கிறது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். தப்பு நம்ம தமிழ் சரியாக இருப்பதில்தான் இருக்கிறது. “குவைத்துல நாலு வருசமாட்டு வேலை பாக்கேன்” என்போம். இன்னும் நடக்கிற வேலை, அதனால் நிகழ்காலம். “நாகர்கோவில்ல ஆறு வருசம் வேலை பாத்திருக்கேன்” என்போம். அது முடிந்த கதை, கையில் இருக்கும் அனுபவம். இங்கிலீஷ்காரன் இதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறான். எத்தனை வருடம் என்று சொல்லும்போது நடக்கிற வேலைக்குத்தான் அவனுக்கு ‘ஹேவ் வொர்க்ட்’ அல்லது ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’. முடிந்ததற்கு வெறும் ‘வொர்க்ட்’ போதும். நாம் ‘இருக்கேன்’ கேட்கும் இடத்திலெல்லாம் ‘ஹேவ்’ வைத்துத் தைக்கிறோம், சட்டை உள்பக்கம் வெளியே வந்துவிடுகிறது.

இன்னொரு நுணுக்கம். ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் நாகர்கோவில்’ என்று நிறுத்தினால் தப்பில்லை, என்றைக்கோ பார்த்த அனுபவம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதன் பின்னால் ‘ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’ என்று ஒட்டியதும் அர்த்தம் மாறி, இன்னும் அங்கேயே இருக்கிறாள் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் வினையை மட்டும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். வால் மாதிரி பின்னால் வரும் ‘ஃபார்’, ‘சின்ஸ்’, ‘இன்’ தான் வினையைப் பிடித்து ஆட்டுகிறது என்று ஒரு ஆசிரியரும் சொல்லவில்லை. எங்கள் கன்னியாகுமரி, எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம், 2011 கணக்கில் 91.75 சதவீதம் என்று பெருமை பேசுகிற ஊர். 1893-லிருந்து ஸ்காட் கல்லூரி நிற்கிற ஊர். இதை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

‘ஃபார்’, ‘சின்ஸ்’ குழப்பத்துக்கு நம்ம பேச்சிலேயே மருந்து இருக்கிறது. ‘ஆட்டு’ (‘ஆக’ என்பதன் எங்க ஊர்ப் பேச்சு) வந்தால் ‘ஃபார்’, ‘லேருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. ரெண்டு நாளாட்டு காய்ச்சல்: ‘ஃபார் டூ டேஸ்’. திங்கட்கிழமையிலேருந்து காய்ச்சல்: ‘சின்ஸ் மண்டே’. என் தோழி ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனில் ‘சின்ஸ் டூ டேஸ்’ என்றாள். கடைசிச் சொல் லைனில் விழுங்கப்பட்டு ‘சின்ஸ் டூ’ மட்டும் அந்தப் பக்கம் போயிற்று. மதியம் இரண்டு மணியிலிருந்துதான் காய்ச்சல் என்று புரிந்துகொண்டு, மருந்து கொடுத்துக் காத்திருங்கள் என்றுவிட்டார்கள். ‘ஃபார் டூ’ என்று சொல்லியிருந்தால் இரண்டு மணியா, இரண்டு நாளா என்றாவது திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

முடிந்த காலத்துக்கு ‘ஹேவ்’ கூடாது என்பதற்கு நான் ஊரையே கணக்காக வைத்திருக்கிறேன். நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில்: ‘ஹேஸ் பீன் இன் தமிழ்நாடு சின்ஸ் 1956.’ அதற்கு முன் முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி: ‘வாஸ்’, ‘அன்டில் 1956.’ இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் தமிழ்நாட்டோடு சேர நேசமணி காலத்தில் நடந்த போராட்டமே வீண். அதேபோல ‘ஆன் மண்டே’, ‘இன் 2017’, ‘அட் த்ரீ’ எல்லாம் ‘ஹேவ்’வுக்குப் பூட்டின கதவு. “திங்கட்கிழமை அனுப்பியிருக்கேன்” என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், அங்கே ‘ஐ சென்ட் இட் ஆன் மண்டே’ மட்டும்தான். ‘இன் த லாஸ்ட் ட்வெல்வ் மந்த்ஸ்’ மாதிரி இன்றுவரை நீள்கிற காலம் என்றால் கதவு திறந்திருக்கிறது, ‘ஹேவ்’ போடலாம். படிவங்களில் அடிக்கடி வரும் கேள்வியே அப்படித்தான் இருக்கும். இரண்டிலும் ‘இன்’ இருக்கிறதே என்று மயங்காதீர்கள்.

வேலையில் சேர்ந்த பிறகும் இந்தப் பேய் என்னை விடவில்லை. “அக்கா டெல்லிக்குப் போயிருக்கா” என்றால் இப்போது டெல்லியில் இருக்கிறாள். “அக்கா டெல்லிக்கெல்லாம் போயிருக்கா” என்றால் போய்த் திரும்பியவள். நமக்கு ஒரு ‘எல்லாம்’ போதும், முகத்தைப் பார்த்தே புரியும். அங்கே முதலாவது ‘கான் டு’, இரண்டாவது ‘பீன் டு’. ஒரு நைட் டூட்டி முடிந்து ஹேண்ட் ஓவரில் நான்காம் கட்டில் தாத்தா எக்ஸ்ரேக்குப் போய்வந்ததை ‘ஹேஸ் கான் டு எக்ஸ்ரே’ என்று சொல்லிவிட்டேன். பகல் டூட்டிக்கு வந்தவள் அவரைத் தேடி எக்ஸ்ரே அறைவரை போய்விட்டு மூச்சிரைக்க வந்தாள். தாத்தா திரைச்சீலைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் குளிரில் பஸ்ஸுக்கு நின்றபோது, தக்கலை பஸ் ஸ்டாண்டில் யாரோடாவது வாய்க்கு வந்தபடி பேசினால் போதும் என்றிருந்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஃபைலில் நான்கு வரியைத் திருத்தினேன். படித்து முடித்த வருடம், பழைய ஆஸ்பத்திரி, ட்ரெயினிங், எல்லாவற்றிலிருந்தும் ‘ஹேவ்’ எடுத்தாயிற்று. இப்போது வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு அவள் எழுதியிருந்த ‘ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ மட்டும் சரியாக இருந்தது. அதை அப்படியே விட்டேன்.

“அப்போ அனுப்பட்டா சித்தி?”

“என்னைக்கு ரிலீவ் ஆகுத?”

“வாற 28-ம் தேதி.”

அதற்கு முன்னால் அனுப்பினால் அந்த வரி சரி. 28-ம் தேதி டூட்டி முடிந்து படி இறங்கிவிட்டால் அந்த ‘ஹேவ்’-ஐயும் வெட்டு, ‘ஹியர்’-ஐ ‘தேர்’ ஆக்கு என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.