புளிப்பு போகாமல் குபானி சமைப்பது

குபானி என்றால் உலர்ந்த ஆப்ரிகாட். அதைக் கொட்டையோடு வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆப்ரிகாட் என்று பெரிய கடைகளில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருப்பார்களே, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில், கொட்டை எடுத்துத் தட்டையாக, மெத்தென்று, அது பெரும்பாலும் துருக்கியிலிருந்து வருவது. சும்மா வாயில் போட்டுக்கொள்ள நன்றாகவே இருக்கும். ஆனால் நான் சொல்லப்போகும் சமையலுக்கு அது சரிப்படாது. ஹைதராபாத்தில் குபானி என்று கேட்டால் தருவது வேறு சரக்கு. நெல்லிக்காய் அளவில், வெளிறிய பழுப்பு நிறத்தில், தோல் சுருங்கி, தட்டினால் சத்தம் கேட்கிற மாதிரிக் காய்ந்த முழுப் பழம். ஆப்கானிஸ்தானிலிருந்து வருவதும் உண்டு, லடாக், காஷ்மீர் பக்கமிருந்து வருவதும் உண்டு. பார்க்க அழகில்லை. ஆனால் புளிப்பு இருப்பது இதில்தான், எனக்கு இந்தப் பழமே அந்தப் புளிப்புக்காகத்தான்.

1998ல் கல்யாணமாகிப் பாளையங்கோட்டையிலிருந்து செகந்திராபாத் வந்தேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை. வந்த இரண்டாம் மாதம் அவரோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பழைய நகரத்துக்குப் போனோம். பிரியாணி முடிந்ததும் சின்னக் கிண்ணத்தில் கருஞ்சிவப்பாக ஒன்று வைத்து, மேலே ஒரு கரண்டி பாலாடை ஊற்றினார்கள். நாக்கில் பட்டதும் இனிப்பு, அதன் பின்னாலேயே எங்கள் அம்மா சித்திரை ஒன்றாம் தேதி வைக்கும் மாங்காய்ப் பச்சடியின் புளிப்பு. ஊரை விட்டு வந்து ஏங்கிக்கிடந்த எனக்கு அந்த ஒரு வாய் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. அதற்கு குபானி கா மீட்டா என்று பெயர். கீழ்வீட்டு ஆபாதான் எனக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தார். ஆபா என்றால் அந்த ஊர் உருதுவில் அக்கா.

பழம் பார்த்து வாங்குவது

ஹைதராபாத்தில் இருப்பவர்கள் பேகம் பஜாரில் உலர்பழக் கடைகளைப் பாருங்கள். மற்ற ஊர்க்காரர்கள் இணையத்தில் வாங்கலாம், 'கொட்டையுள்ள குபானி' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் நேரில் வாங்கினால் ஒரு பழத்தைக் கேட்டு வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளுங்கள். கடிக்க முயல வேண்டாம், பல் போய்விடும். ஐந்து நிமிடத்தில் தோல் இளகும், அப்போது வாயில் எச்சில் ஊறினால் நல்ல பழம். வெறும் இனிப்பு மட்டும் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கையில் நாலைந்தை எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், மாவு மாதிரிப் பொடி உதிர்ந்தால் பூச்சி விழுந்தது என்று அர்த்தம்.

ஆரஞ்சு நிறப் பழம் ஏன் ஆரஞ்சாகவே இருக்கிறது என்றால், காய வைக்கும் முன் அதற்குக் கந்தகப் புகை காட்டுகிறார்கள். கந்தக டை ஆக்சைடு நிறம் மாறாமல் காக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு அது மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும், அவர்கள் வீட்டில் பழுப்புப் பழமே நல்லது.

குபானி கா மீட்டா

எட்டுப் பேருக்கு அரைக் கிலோ பழம். மூன்று தண்ணீர் விட்டு அலசுங்கள். மொட்டை மாடிகளில் வெயிலில் காய்ந்து வருவதால் சுருக்கங்களுக்குள் மண் இருக்கும். அப்புறம் பழம் மூழ்கி அதற்கு மேலே இரண்டு விரற்கடை நிற்கிற மாதிரி நல்ல தண்ணீர் ஊற்றி, இரவு முழுவதும் ஊற விடுங்கள். ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். காலையில் பார்த்தால் பழம் உப்பி, தண்ணீர் தேன் நிறத்துக்கு வந்திருக்கும்.

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பழத்தின் புளிப்பில் பாதி அதில்தான் இறங்கியிருக்கிறது. பழங்களை எடுத்துவிட்டுத் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், அடியில் படிந்த மணல் துணியில் தங்கிவிடும். பழத்தை விரலால் பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொட்டைகளைக் கழுவி ஒரு தட்டில் காய வையுங்கள். அவற்றுக்கும் வேலை இருக்கிறது.

அடிகனமான பாத்திரத்தில் பழத்தையும் வடிகட்டிய தண்ணீரையும் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் சர்க்கரை போடக் கூடாது. நான் முதல் தடவை செய்தபோது பாயசம் நினைப்பில் சர்க்கரையையும் சேர்த்தே கொதிக்க வைத்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் பழம் குழையவில்லை, தோல் பெல்ட் மாதிரி விறைத்துக்கொண்டது. கீழே எடுத்துப்போய்க் காட்டினேன். ஆபா ஒரு பழத்தைக் கரண்டியால் அழுத்திப் பார்த்துவிட்டு, "முதலில் தண்ணீரில் வெந்து மனசு இளகட்டும், அப்புறம் சர்க்கரை" என்றார். விஷயம் அதேதான். சர்க்கரை பழத்தின் ஈரத்தை வெளியே இழுத்துச் சதையை இறுக்கிவிடும். மெத்தென்று வெந்த பிறகு சேர்த்தால்தான் பாகு உள்ளே போகும்.

அரை மணி நேரத்தில் வெந்துவிடும். கரண்டியின் பின்பக்கத்தால் பாத்திரத்தின் ஓரத்தில் சாய்த்து, பாதிப் பழங்களை மட்டும் மசியுங்கள். மீதி முழுதாகவே கிடக்கட்டும். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தால் ஜாம் ஆகிவிடும், மீட்டாவாக இருக்காது. இப்போது சர்க்கரை 150 கிராம். கிளறி, பதினைந்து நிமிடம் விட்டால் கலவை பளபளப்பு ஏறி, கரண்டியிலிருந்து சொட்டாக விழாமல் வழுக்கிக்கொண்டு கனமாக விழும். அதுதான் பதம். ஆறினால் இன்னும் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். ருசி பார்த்து, வேண்டுமென்றால் இன்னொரு 50 கிராம் சர்க்கரை சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். அள்ளிக் கொட்டினால் புளிப்பு அமுங்கி, நாலு கரண்டியில் திகட்டிவிடும். கடைசியாக ஒரு சிட்டிகை உப்பு. பழம் ரொம்ப இனிப்பாக அமைந்துவிட்டால் அரை மூடி எலுமிச்சை.

ஏலக்காய் போடலாமா என்று கேட்பார்கள். ஆபா போடமாட்டார், நானும் போடுவதில்லை. பழத்துக்கே ஒரு மணம் இருக்கிறது, ஏலக்காய் வந்தால் அது காணாமல் போய்விடும்.

இனி கொட்டை. காய்ந்த கொட்டையைப் பாருங்கள், பக்கவாட்டில் தையல் போட்ட மாதிரி ஒரு விளிம்பு ஓடும். கொட்டையைப் படுக்க வைத்து அடித்தால் உள்ளே பருப்பும் சேர்ந்து நசுங்கும். அந்த விளிம்பு மேலே வருகிற மாதிரி அம்மியின் மேல் நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, குழவியால் ஒரே தட்டு. 'டக்' என்று இரண்டாகப் பிளந்து, பழுப்புத் தோலோடு குட்டி பாதாம் மாதிரி பருப்பு முழுதாக வரும். விரலுக்குப் பயமாக இருந்தால் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் பருப்பின் நுனியைக் கடித்துப் பாருங்கள். தித்திப்பாக இருந்தால் மேலே உடைக்கலாம், ஒவ்வொன்றாக நுனி பார்த்துக்கொண்டே. கசந்தால் துப்பிவிட்டு அத்தனையையும் குப்பையில் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். கசக்கும் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. உடம்புக்குள் அது சயனைடாக மாறும். குழந்தைகளுக்கு நாலைந்து பருப்பே ஆபத்து. லடாக்கில் இனிப்புப் பருப்புள்ள மரத்தையும் கசப்புப் பருப்புள்ள மரத்தையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். கசப்பை எண்ணெய் ஆட்டப் பயன்படுத்துகிறார்கள். அங்கே வெள்ளைக் கொட்டையுள்ள ரக்ட்ஸே கார்போ என்ற ரகத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பருப்பு இனிப்பு. இனிப்புப் பருப்பானாலும் கிண்ணத்துக்கு இரண்டு மூன்று போதும். வெந்நீரில் பத்து நிமிடம் போட்டுத் தோலை உரித்து, மேலே தூவுங்கள்.

பரிமாறும்போது பாலாடையைத் தனியாக வையுங்கள். சர்க்கரை சேர்க்காத கெட்டிப் பாலாடைதான் இதற்கு ஜோடி. கஸ்டர்டு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், வெனிலா ஐஸ்கிரீம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் இனிப்பின் மேல் இனிப்பாகத் தெரிகிறது.

ஜர்தாலு மட்டன்

காரத்தோடு இந்தப் பழத்தைச் சேர்த்துச் சமைப்பது பார்சிகள். அவர்கள் ஜர்தாலு என்பார்கள், பாரசீகத்தில் மஞ்சள் பிளம் என்று பொருள். செகந்திராபாத் எம்.ஜி. ரோட்டில் பார்சிகளின் அக்னி கோவில் இருக்கிறது. அதன் பக்கத்தில் குடியிருந்த ஆன்ட்டி ஒருவர் வீட்டில்தான் முதலில் சாப்பிட்டேன். கறிக்குழம்பில் பழமா என்று தயங்கினேன். ஒரு வாய் சாப்பிட்டதும் நம் கறிக்குழம்பில் தக்காளி செய்கிற வேலையை இங்கே இந்தப் பழமும் சேர்ந்து செய்கிறது என்று புரிந்துவிட்டது.

எலும்போடு அரைக் கிலோ ஆட்டுக்கறி. பழம் பதினைந்து, இருபது. பழத்தை வெந்நீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு இரண்டு மணி நேரம் ஊற வைத்துக் கொட்டையை எடுத்துவிடுங்கள். பார்சிகள் குஜராத்தின் நவ்சாரியிலிருந்து வரும் கரும்பு வினிகர் வாங்குவார்கள், கிடைக்காவிட்டால் சாதாரண வினிகர் போதும். காஷ்மீர் மிளகாய் ஆறு, சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு எட்டுப் பல், ஒரு துண்டு இஞ்சி, இவற்றை விழுதாக அரையுங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய் எண்ணெயில் பொரிந்ததும் மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து போட்டு, நன்றாகச் சிவக்கும் வரை வதக்குங்கள். இதில் அவசரப்படாதீர்கள், இருபது நிமிடமாவது ஆகும். குழம்பின் நிறமும் கனமும் இந்த வெங்காயத்திலிருந்து வருவது. விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரிந்ததும் கறி, உப்பு, இரண்டு தக்காளி. தண்ணீர் ஒரு டம்ளர் விட்டுக் குக்கரில் கறி வேகும் வரை விசில் விடுங்கள்.

குக்கரைத் திறந்த பிறகுதான் பழம். ஊறிய தண்ணீரும் அதோடு. ஒரு ஸ்பூன் வெல்லம் சேர்த்து மூடாமல் பத்து நிமிடம் கொதித்தால் போதும். கறியோடு சேர்த்துக் குக்கரில் போட்டால் பழம் கரைந்து காணாமல் போகும், தோல் மட்டும் மிதக்கும். பழம் முழுதாக, அழுத்தினால் குழைகிற நிலையில் இருக்க வேண்டும்.

மேலே போட சல்லி வேண்டும். உருளைக்கிழங்கைத் தீக்குச்சி மாதிரி நறுக்கி, உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, துணியில் ஈரம் போக ஒற்றிப் பொரித்தெடுப்பது. இலையிலோ தட்டிலோ பரிமாறிய பிறகு கைப்பிடி அள்ளிப் போடுங்கள், சட்டியிலேயே போட்டால் நமுத்துவிடும். சப்பாத்தியோடு நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் ஆப்பத்துக்கும் வைப்போம். ஆட்டுக்கறி சாப்பிடாதவர்கள் கோழியில் செய்யலாம், விசில் இல்லாமல் மூடி வேக வைத்தாலே போதும்.

புளிக்குப் பதிலாக இதை வத்தக்குழம்பில் போட்டும் பார்த்திருக்கிறேன். நன்றாக வரவில்லை. புளியின் கனம் இந்தப் பழத்துக்குக் கிடையாது, சுண்டைவற்றலோடு சேர்ந்தால் அசட்டு இனிப்பாகத் தெரிகிறது.

பச்சைப் பழம் கிடைத்தால்

ஜூன், ஜூலையில் இமாச்சல், காஷ்மீர் பழம் கொஞ்ச நாளைக்குச் சந்தைக்கு வரும். எனக்கு மோண்டா மார்க்கெட்டில் கிடைக்கும். தூரப்பயணத்துக்காக முன்னாலேயே பறித்துவிடுவதால் பெரும்பாலும் சரியாகப் பழுத்திருக்காது. பலர் வாங்கிக் கடித்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள். அந்தப் பழம்தான் பச்சடிக்கு உயிர். பத்துப் பழத்தைப் பிளந்து கொட்டையை எறிந்துவிட்டு, கால் டம்ளர் தண்ணீரில் உப்பு, மஞ்சள்தூள் போட்டு ஐந்தே நிமிடம் வேக வையுங்கள். நூறு கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, சேர்ந்து வந்ததும் கடுகு, இரண்டு காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். சித்திரையில் மாங்காய்க்குச் செய்வது போலத்தான். தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

வளைகுடாவிலிருந்து வருபவர்கள் கமருதீன் கொண்டுவந்தால் அதையும் விடாதீர்கள். ஆப்ரிகாட் கூழைத் தகடாகக் காய வைத்தது அது, அரபு நாடுகளில் நோன்பு திறக்கும்போது கரைத்துக் குடிப்பார்கள். உள்ளங்கை அளவுத் துண்டைக் கிழித்து ஒரு டம்ளர் வெந்நீரில் ஊற வைத்து, அடித்துக் குளிர வைத்தால் ஆயிற்று. சர்க்கரை வேண்டியிருக்காது.

வாங்கிய உலர்ந்த குபானியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், கோடையில் வெளியே இருந்தால் ஒரு மாதத்தில் பூச்சி வந்துவிடும். செய்த மீட்டா, ஈரக் கரண்டி படாமல் இருந்தால், ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் இருக்கும். இரண்டாம் நாள் ருசி இன்னும் கூடும். அதனால் விருந்துக்குச் செய்வதாக இருந்தால் முந்தின நாள் காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிடுங்கள், அதற்கும் முந்தின இரவே ஊறப் போட்டு.