தனுஷ்கோடி ரோட்டில் பூநாரை பார்ப்பது எப்படி?

முதல்முறை வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அவசரப்பட்டு வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஓரமாக நிற்கும் காரைப் பறவைகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆள் இறங்கினால்தான் மிரளும். முதல் தடவை ஆசையில் கதவைப் படாரென்று சாத்திவிட்டேன். மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். வலசை வந்த பூநாரைகள் (ஃபிளமிங்கோ) அப்போது கழிமுகத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். 2025 ஜூனில் தமிழக அரசு இங்கே சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தது.

1. ரோடு முடியும் அரிச்சல்முனைக்கு நேராகப் போங்கள். காலையில் சோதனைச்சாவடி திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். முனையில் திரும்பி மெதுவாக வந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். பெண்கடல் (அலை குறைந்த வங்கக்கடல்) பக்கத்துத் தண்ணீர் இப்போது உங்கள் வலப்பக்கம் இருக்கும்.

2. நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் சும்மா இருங்கள். முதலில் வெறும் கண்ணால் தண்ணீரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி ஏதாவது தெரிந்தால் பைனாகுலரை எடுங்கள். எட்டு மடங்கு போதும், அதற்குமேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

3. நிறத்தை விட்டுவிட்டு, சாப்பிடும் விதத்தைப் பாருங்கள். கொக்கும் வெள்ளைதான், ஆனால் அது அசையாமல் நின்று, மீன் வந்ததும் சட்டென்று குத்தும். பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நடக்கும். மேலலகு கீழே போய்விடும், கீழலகு மேலே வரும். கலங்கிய தண்ணீரை நாக்கால் உறிஞ்சித் தள்ள, அலகு ஓரத்துச் சல்லடையில் சின்னஞ்சிறு உயிர்கள் தங்கிவிடும். அந்த இரையிலிருந்துதான் இறகுக்கு இளஞ்சிவப்பு வருகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். இந்த ஒன்றையே அரைமணி நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கரையோரச் சின்னப் பறவைகளுக்கும் இதே வழிதான். நாலடி ஓடி, நின்று, ஒரு கொத்து கொத்தினால் உப்புக்கொத்தி. நிற்காமல் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் பெரும்பாலும் உள்ளான். மேலே வெள்ளைத் தலையும் செங்காவி உடலுமாக வட்டமடிப்பது செம்பருந்து.

4. கழுத்தைக் கவனியுங்கள். எல்லாப் பூநாரையும் ஒரே நேரத்தில் கழுத்தை நிமிர்த்தி, நடந்து விலக ஆரம்பித்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே பின்வாங்குங்கள். பூநாரைக்குத் தண்ணீரில் ஓடித்தான் மேலெழும்ப முடியும். தின்றதெல்லாம் அந்த ஓட்டத்தில் வீணாகும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். மணலில் வண்டியையும் இறக்காதீர்கள்.

வெயில் ஏறியதும் தண்ணீருக்குமேல் கானல் ஆடும், பைனாகுலரில் எல்லாம் நெளியும். அப்புறம் என்ன, பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்டு சாப்பிடக் கிளம்பலாம்.