உங்கள் ஊர் கால்பந்து கிளப்பின் வரலாற்றை எழுதுவது எப்படி?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று நீரோடி வரை போகும் ஊர்களில், சாயங்காலம் மணலில் பந்து உருளாத நாள் அபூர்வம். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019-20 சீசனில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் ஆடினார். அவரைப் பற்றித் தேடினால் எல்லாம் கிடைக்கிறது. அவருக்கு முன்னால் இதே மணலில் வெறுங்காலோடு ஆடியவர்கள் பெயரைத் தேடிப் பாருங்கள், ஒன்றும் வராது. அந்தப் பெயர்கள் நம் ஊர் வீடுகளில்தான் இருக்கின்றன, அதுவும் எண்பது வயதுக்காரர்களின் ஞாபகத்தில். எங்கள் கிளப் வரலாற்றை நாங்கள் நாலு பேர் இரண்டு வருடம் அலைந்து எழுதினோம். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பாதி அலைச்சலாவது குறையட்டும்.

முதலில் கோப்பைகளில் இருந்து ஆரம்பிக்கத் தோன்றும், ஆரம்பியுங்கள், ஆனால் துலக்காதீர்கள். உப்புக்காற்றில் கறுத்துப்போன பித்தளைக் கோப்பையைப் பார்த்ததும் புளி போட்டுத் தேய்க்கத்தான் கை போகும். தேய்த்தால் ஏற்கெனவே மங்கிய எழுத்து இன்னும் மங்கும். அதற்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் தாளை எழுத்தின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தீட்டினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடத் தாளில் வெள்ளையாக எழும்பி வரும். எங்களிடம் இருந்த ஒரு சுழற்கோப்பையின் அடிக்கட்டையில் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று. இரண்டு தகடு கழன்று போய் ஆணித் துளை மட்டும் இருந்தது. அந்தத் துளைகளையும் குறித்துக்கொண்டோம், இரண்டு வருடம் இறுதிப் போட்டி நடந்திருக்கிறது, ஜெயித்தது யார் என்று தேட வேண்டும் என்பதற்கு அதுதானே தடயம்.

கோப்பை ஜெயித்தவர் பெயரைச் சொல்லும், ஆடியவர் பெயரைச் சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும்: டூர்னமென்ட் நோட்டீஸ், வசூல் ரசீதுப் புத்தகம், பங்குக் கோவில் திருவிழா மலர், கிளப் கூட்டத்தில் பேசியதை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகம். ரசீதுப் புத்தகத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். யார் ஜெர்சி வாங்கிக் கொடுத்தது, யார் பந்துக்குப் பணம் தந்தது, எந்த வள்ளத்துக்காரர் மீன் விற்ற காசில் பங்கு போட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சுனாமியில் நனைந்து ஒட்டிப்போன புத்தகம் இருந்தால் பிரித்து இழுக்காதீர்கள். நிழலில் காற்றோட்டமாக வைத்து, பக்கம் தானாக விடும்போது ஒவ்வொன்றாகப் போட்டோ எடுங்கள்.

தூத்தூர் வட்டாரப் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். பழைய மலரையும் கடிதத்தையும் நாகர்கோவிலில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று வந்துவிடக் கூடாது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட இருப்பதும் அவசியம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேருவதற்கு முன்னால் நாம் திருவிதாங்கூர்க்காரர்கள், அந்தக் காலத்துக் காகிதத்தில் பாதி மலையாளம்தான். பத்திரிகை பார்ப்பதென்றாலும் அப்படித்தான். தினமலர் 1951-ல் தொடங்கியதே திருவனந்தபுரத்தில், 1957-ல்தான் திருநெல்வேலிக்கு மாறியது.

இன்னொரு சிக்கல் கொல்லம் ஆண்டு. எங்களுக்குக் கிடைத்த பழைய நோட்டீஸ் ஒன்றில் 1124 சித்திரை என்று இருந்தது, ஒரு ரசீதில் 1125 கார்த்திகை. ஆண்டு எண் வேறாக இருப்பதைப் பார்த்து ரசீதை அடுத்த வருடக் கணக்கில் எழுதி வைத்துவிட்டோம். உண்மையில் இரண்டும் 1949. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது, அதனால் ஆவணியில் இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியில் இருந்து ஆடி முடிய 825. சந்தேகம் வந்தால் பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்தை வைத்துச் சரிபாருங்கள்: கொல்லம் 1099 கர்க்கடகம், அதாவது ஆடி, 1924 ஜூலை. கணக்கு சரியாக வரும்.

சரி, ஆட்களிடம் கேட்பது. இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை, எப்போது போவது என்பதில் இருந்தே யோசிக்க வேண்டும். நம் ஊர் ஆழ்கடல் படகுகள் ஒருமுறை போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் உள்ள 61 நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், மழையும் பெய்யும், பேச நேரம் இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் வருவார்கள்.

போய் உட்கார்ந்ததும் எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். வருஷம் கேட்டால் பெரியவர்கள் சங்கடப்பட்டு ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள், அதுவே பிறகு அச்சில் ஏறி உண்மையாகிவிடும். அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, வள்ளத்துக்கு மோட்டார் வந்துவிட்டதா, நாகர்கோவிலுக்கு ரயில் வந்த பிறகா முன்னாலா, போப்பாண்டவர் திருவனந்தபுரம் வந்ததற்கு முந்தின வருஷமா என்று கேளுங்கள். ரயில் 1979, போப்பாண்டவர் வந்தது 1986 பிப்ரவரி. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொண்டு வந்தால் வருஷம் தானாக நடுவில் வந்து நிற்கும்.

பொருளைக் கையில் கொடுத்தும் கேட்கலாம். என் பாட்டாவிடம் மூன்று நாள் கேட்டும் ஒன்றும் வரவில்லை, எல்லாம் நல்லா ஆடினோம் மக்கா என்பதோடு சரி. நாலாவது நாள் ஒரு பழைய தோல் பந்தின் போட்டோவைக் காட்டினேன், காற்றடைக்கும் பிளாடரை உள்ளே வைத்து வாயைக் கயிற்றால் தைத்துக் கட்டும் அந்தக் காலத்துப் பந்து. பாட்டா வலையைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுக் காட்டினார், புருவத்துக்கு மேலே கோணலாக ஒரு தழும்பு. கயிறு இருக்கிற பக்கமாகத் தலை கொடுத்ததில் கிழிந்தது, மழை நேரத்தில் பந்து நனைந்தால் கல் மாதிரி கனக்கும், அதற்காக சுறா எண்ணெய் பூசி வைப்போம் என்று ஆரம்பித்தவர், அன்றைக்கு ஆடிய பதினோரு பேரையும் கோல்கீப்பரில் இருந்து வரிசையாகச் சொல்லி முடித்தார். பேச ஆரம்பிக்கும் முன்பே போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, போட்டிருக்கிறேன் என்று சொல்லியும் விடுங்கள்.

ஒரே பெயர் நிறைய வரும். ஒரு டீமில் மூன்று அந்தோணி, இரண்டு சேவியர் இருந்தால் அப்பா பெயரைச் சேர்த்து எழுதினால்தான் ஐம்பது வருடம் கழித்துப் புரியும். பட்டப்பெயரைப் போடலாமா என்று அந்தக் குடும்பத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தோற்ற ஆட்டங்களையும் எழுதுங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன், எங்களுக்குள் இதற்காகச் சண்டையே வந்தது. அமெரிக்காவில் பேஸ்பால் விளையாட்டின் இரண்டாம் நிலை லீக் ஆட்டம் ஒன்று இருக்கிறது, பாட்டக்கெட் என்ற சின்ன ஊரில் 1981 ஏப்ரல் 18 இரவு தொடங்கியது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது சமநிலையிலேயே இழுத்துக்கொண்டு போய், 32 இன்னிங்ஸ் முடிந்து விடியற்காலை 4.07-க்கு நிறுத்தினார்கள். அப்போது 1,740 பேரில் மிச்சம் இருந்த ரசிகர்கள் 19 பேர். ஜூன் 23-ல் மீண்டும் ஆடி, 18 நிமிடத்தில் 3-2 என்று பாட்டக்கெட் ஜெயித்தது. தோற்றது ராச்செஸ்டர் அணி. தோற்ற அணியில் அன்று யார் யார் ஆடினார்கள் என்பதுகூட இன்றும் தெரிகிறது, காரணம், அங்கே ஒவ்வொரு பந்தையும் ஒருவர் உட்கார்ந்து தாளில் குறிக்கிறார். நம் ஊரில் பெனால்டியில் தோற்ற இறுதிப் போட்டியைப் பற்றி இரண்டு தலைமுறையாகப் பேசுகிறோம், அன்று கோல்கீப்பர் யார் என்று கேட்டால் நாலு பெயர் வருகிறது. இனி நடக்கும் ஆட்டங்களுக்காவது கிளப்பில் ஒரு நோட்டை வாங்கிப் போட்டு, தேதி, மைதானம், இரண்டு அணியின் பெயர்ப் பட்டியல், கோல் அடித்த நிமிடம் இவ்வளவையும் ஒருவர் எழுதட்டும். மழையால் ஆட்டம் நின்றால் அதையும் எழுத வேண்டும்.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீர்கள். காகிதத்தில் சான்று இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் சொன்னவர் பெயரோடு போடுங்கள்.

2004 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் போனவர்களைப் பற்றி எழுதும்போது அவசரமே கூடாது. ஒக்கியில் எங்கள் வட்டாரம் இழந்தவர்களில் பந்தாடிய பையன்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு ரெக்கார்டரோடு போகாதீர்கள், தெரிந்தவர் ஒருவரோடு சும்மா போய்வாருங்கள், அவர்களாகப் பேசினால் கேளுங்கள். நாங்கள் அந்தப் பக்கத்தில் படகு விபரம் எதுவும் போடவில்லை. பெயர், அப்பா பெயர், ஆடிய இடம், ஜெர்சி எண், அவ்வளவுதான். ஒரு அம்மா அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அச்சடிக்கும் முன் வரைவுப் பிரதி ஒன்றைத் திருவிழாவுக்குக் கூட்டம் சேரும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள், பக்கத்தில் பேனாவும். திருத்தம் கொட்டும். அச்சானதும் ஒன்று பங்கு அலுவலகத்துக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கு. ரெக்கார்டிங் எல்லாவற்றையும் இரண்டு வேறு வேறு வீட்டில் வையுங்கள், கடல் ஒரு வீட்டை எடுத்தால் இன்னொன்று இருக்கும்.

எங்கள் புத்தகத்தின் கடைசி நாலு பக்கத்தைக் கோடு போட்டு வெறுமையாக விட்டிருக்கிறோம், விட்டுப்போன பெயர்களை எழுத. கிளப் பிரதியில் இதுவரை ஏழு பெயர் வந்திருக்கிறது, அதில் ஒன்று அந்தப் பெனால்டி ஆட்டத்தின் கோல்கீப்பர்.