சென்னை வீட்டில் முதல் உப்புத் தண்ணீர் மீன் தொட்டி

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பத்து நிமிட நடை. நான் மெரைன் டேங்க் வைக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு குடம் கடல் தண்ணி மொண்டுட்டு வந்தா போச்சு, இதுக்குப் போய் யாராவது உப்பை காசு குடுத்து வாங்குவாங்களா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் நம் கரையோரத்துத் தண்ணீரில் அடையாறும் கூவமும் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் கலந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கரைப்பக்கத்தில் உப்பின் அளவே குறைந்துபோகும். போதாததற்கு, அதில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடத்தில் அடைபட்டதும் செத்து, அழுகி, தண்ணீரைக் கெடுத்துவிடும். அதனால் கடல் பக்கத்தில் இருந்தாலும் தண்ணீரை நாமேதான் தயாரிக்க வேண்டும்.

சரி, கல் உப்பு போடலாமா? அதுவும் கூடாது. மரக்காணம் பக்கம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாக உவர்நீரை வற்றவைக்கும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்துவிடும், அடுத்து சோடியம் குளோரைடு பூக்கும், மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். சமையலுக்கு அதுதான் நல்லது, ஆனால் மீனுக்குக் கடலில் இருக்கும் எல்லாமே அதே விகிதத்தில் வேண்டும். மீன் கடைகளில் மெரைன் சால்ட் என்று பக்கெட்டாகவும் பையாகவும் கிடைப்பதை வாங்குங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உப்பைக் கரைக்க ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் என்று நமக்கு மாதத்துக்கு ஒன்று வருகிறது, எதிலும் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஒரே மாதிரி நிற்காது. ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வீட்டு ஆர்.ஓ.வையும் கேன் தண்ணீரையும் அளந்து பாருங்கள். பல வீட்டு மெஷின்களில் குடிக்க ருசி வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரையும் கலந்துவிடும் ஒரு வால்வு இருக்கும். சர்வீஸுக்கு வருபவரிடம் சொல்லி, மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்விலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கத் தனியாக ஒரு குழாய் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் கார்ட்ரிட்ஜ் சேர்த்தால் மீட்டரில் பூஜ்யம் வரும், அதுதான் இலக்கு. பிடித்த தண்ணீரைச் செப்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ வைக்கவே கூடாது. இறால், நத்தை மாதிரி முதுகெலும்பு இல்லாதவற்றுக்குச் செம்பு மிகக் குறைந்த அளவிலேயே விஷம். புது பிளாஸ்டிக் பக்கெட் போதும்.

20 லிட்டருக்கு முக்கால் கிலோ உப்பு ஏறக்குறைய சரியாக வரும், ஆனால் பிராண்டுக்குப் பிராண்ட் கொஞ்சம் மாறும். தண்ணீரை முதலில் ஊற்றி, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன மோட்டாரான பவர்ஹெட் ஒன்றை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் வெள்ளையாகப் படிந்து கரையாமலே நின்றுவிடும். ஒரு நாள் ஓடட்டும். பிறகு உப்பளவு பார்க்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்தால் அடர்த்தி 1.025 காட்ட வேண்டும், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் விலை குறைவுதான், ஒரு குமிழி ஒட்டிக்கொண்டால்கூட அளவு தப்பாகிவிடும், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? சின்னதாகத் தொடங்குவதுதான் சுலபம் என்று தோன்றும், ஆனால் தண்ணீர் குறைய குறைய, ஒரு நாள் தவறினாலே எல்லாம் தலைகீழாகிவிடும். 60 x 45 x 45 சென்டிமீட்டர் எடுத்தால் சுமார் 120 லிட்டர், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாறை, மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 160, 170 கிலோ வந்துவிடும், அதனால் டீவி ஸ்டாண்ட் தாங்காது. இரும்பு ஸ்டாண்ட் உப்புக்கும் நம் ஊர் ஈரக் காற்றுக்கும் துருப்பிடிக்கும். என் வீட்டில் சிமென்ட் பிளாக் அடுக்கி மேலே கடப்பாக் கல், அதற்கு மேல் ஒரு தெர்மகோல் ஷீட். நன்றாகத் தாங்குகிறது. தொட்டி வந்ததும் பால்கனியில் வைத்து, குழாய்த் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் கசிகிறதா பாருங்கள்.

இனி சென்னையின் பெரிய பிரச்சினைக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் ஹீட்டர் வாங்கு என்பார்கள், நமக்கு அதற்கு நேர் எதிர். தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருந்தால் நல்லது, 28 வரை நிலையாக இருந்தாலும் சமாளிக்கலாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், அக்னி நட்சத்திரத்தில், மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீர் 32 தொடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மோட்டார்களும் தங்கள் பங்குக்குச் சூடேற்றும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும். கடலிலேயே 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெப்பம் தாங்காமல் வெளுத்தன என்றால், 120 லிட்டர் தண்ணீர் எந்த மூலைக்கு?

அதனால் ஒரு யோசனை. முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் தொட்டியை வைத்து, உயிர் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரையும் மோட்டாரையும் மட்டும் ஓட்டுங்கள், காலை ஆறு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிவையுங்கள். மேற்குச் சுவர் ஓரம் வைப்பதா, ஹாலில் ஃபேனுக்குக் கீழா என்று அந்த எண்களே சொல்லிவிடும். மூடியைத் திறந்து, நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும், எனக்கு இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. கடல்காற்று ஈரத்தோடு வரும் நாட்களில் அதுவும் குறையும். ஃபேன் போட்டும் 28க்கு இறங்கவில்லை என்றால், தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷினான சில்லர் வாங்காமல் மீன் வாங்காதீர்கள். பட்ஜெட் இல்லை என்றால் நன்னீர்த் தொட்டியே வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

ஃபேன் போட்டால் தினமும் ஒரு லிட்டராவது வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும், அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள்.

அடுத்து பாறை. உப்புத் தொட்டியின் உண்மையான ஃபில்டர் இந்தப் பாறைதான், அதன் துளைகளில்தான் பாக்டீரியா குடியிருக்கும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள தீவுகளிலிருந்து எடுத்தது என்று யாராவது பவளப்பாறையைக் காட்டினால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், 2001இல் பவளங்களையும் கடல்குதிரையையும் சேர்த்துவிட்டார்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அந்தப் பாறை ஒரு கைப்பிடி வளர ஆண்டுகள் ஆகும், அதை உடைத்து நம் ஹாலில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உலர்ந்த செயற்கைப் பாறையும் துளையுள்ள செராமிக் பாறையும் கொளத்தூர் மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு கிலோ போதும். அடியில் ஒரு அங்குலத்துக்கு அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை மணல், கடற்கரை மணல் வேண்டாம். தண்ணீரைச் சுழற்ற மணிக்கு 2000 லிட்டர் அளவில் ஒரு வேவ்மேக்கர். வாராவாரம் தண்ணீர் மாற்றுவேன் என்ற உறுதி இருந்தால், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மீன் மட்டும் வைப்பதற்குச் சாதாரண எல்இடி விளக்கு ஏழு மணி நேரம் எரிந்தால் போதும். எந்த வயரும் ப்ளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் ப்ளக்குக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டும். வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் போடுங்கள்.

எல்லாம் ஓடுகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இப்போது மீன் விடலாமா என்று கை துறுதுறுக்கும். என் முதல் தொட்டியில், ஒரு பாட்டில் பாக்டீரியாவை ஊற்றினால் மறுநாளே மீன் விடலாம் என்று கடையில் சொன்னதை நம்பி, எட்டாம் நாள் இரண்டு க்ளவுன் மீன் (ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது) விட்டேன். விட்ட மூன்றாம் நாள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கின, நான்காம் நாள் இரண்டுமே இல்லை. தண்ணீரை அதுவரை நான் சோதித்ததே இல்லை, அன்றைக்குத்தான் டெஸ்ட் கிட் வாங்கினேன், அம்மோனியா அதிகம் என்று சோதனைக் குழாய் பச்சையாகக் காட்டியது. அந்த இரண்டு மீன்களை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

நடப்பது இதுதான்: மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டும் பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். கடல்நீரின் பிஎச் 8.2 பக்கம் இருப்பதால், அதே அளவு அம்மோனியா பிஎச் 7 இருக்கும் நன்னீர்த் தொட்டியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கடுமையாகத் தாக்கும். அதனால் இந்த பாக்டீரியாவை வளர்க்கும் வேலையை, அதாவது சைக்ளிங்கை, மீன் இல்லாமலே செய்யுங்கள். மார்க்கெட்டில் வாங்கிய பச்சை இறால் ஒன்றை உரித்து, வலைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும், நாற்றமும் வரும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பாக்டீரியா ஊற்றுவதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பி நாளைக் குறைக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை சோதித்து நோட்டில் எழுதுங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி, புதிதாக ஒரு சிட்டிகை தீனி போட்டு மறுநாள் பார்த்தாலும் பூஜ்யமாகவே நின்றால் தொட்டி தயார். நைட்ரேட் ஏறியிருக்கும், பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

இதற்கிடையில் மணலிலும் பாறையிலும் காப்பிப்பொடி தூவின மாதிரி ஒரு படலம் வரும். அது டயட்டம் என்ற நுண்பாசி, வரத்தான் செய்யும், சில வாரத்தில் தானாகப் போய்விடும். மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம்.

முதல் மீனாக ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் க்ளவுன் எடுங்கள். தொட்டியில் வளர்த்த குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன, அதனால் கடலிலிருந்து பிடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வளர்ப்பு மீன் தீனியும் உடனே எடுக்கும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் எடுத்தால் சண்டை குறையும். இவை எல்லாமே ஆணாகப் பிறந்து, பெரியது பெண்ணாக மாறும் வகை. ஒரு மாதம் கழித்து கோபி என்ற சின்ன மீன் ஒன்று, அப்புறம் நான்கைந்து நத்தை, ஒரு கிளீனர் இறால், இந்தத் தொட்டிக்கு அவ்வளவுதான். ப்ளூ டேங் குட்டியாக இருக்கும்போது ஆசையாகத்தான் இருக்கும், அது நீந்த ஆறு அடித் தொட்டி வேண்டும். கடலில் க்ளவுன் குடியிருக்கும் அனிமோனும் (கடல் சாமந்தி) முதல் வருடம் வேண்டாம், அது இல்லாமலே க்ளவுன் சந்தோஷமாக இருக்கும்.

கடையில் மீனைக் காட்டும்போது, தீனி போடச் சொல்லிச் சாப்பிடுகிறதா பாருங்கள். உடம்பில் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளி இருந்தால் அந்தக் கடைத் தொட்டியிலிருந்து எதையுமே வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு ஒரு ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக முக்கால் மணி நேரம் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள். இடம் இருந்தால் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு விடுவது இன்னும் நல்லது. மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும் அங்கேதான், செம்பு கலந்த மருந்து பெரிய தொட்டிக்குள் போகவே கூடாது.

வீட்டில் இருப்பவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. கொசு அடிக்கும் ஸ்ப்ரேயிலும் லிக்விடிலும் இருக்கும் பைரித்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம், ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்தில் நாங்கள் ஏர் பம்பை நிறுத்திவிடுவோம், வேவ்மேக்கர் மட்டும் ஓடும். சோப்புக் கையை உள்ளே விடாதீர்கள்.

மின்வெட்டுக்குத் தயாராக இருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஐந்து மணி நேரம் போனால் பேட்டரியில் ஓடும் ஒரு ஏர் பம்ப் போதும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் இன்வெர்ட்டர் முதல் நாள் இரவே தீர்ந்துபோனது, யூஎஸ்பி ஏர் பம்பைப் பவர் பேங்கில் மாட்டி, தீனியை அடியோடு நிறுத்தி, இரண்டு மணிக்கு ஒரு முறை சொம்பால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக் காப்பாற்றினோம். மழைக்காலத்துக்கு முன்பே இரண்டு பவர் பேங்க்கை சார்ஜ் போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள்.

மற்றபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேர வேலை: 10 லிட்டர் எடுத்து, முந்தைய நாள் கரைத்துவைத்த 10 லிட்டர் ஊற்றுவது, கண்ணாடி துடைப்பது, உப்பளவும் நைட்ரேட்டும் பார்ப்பது. தீனி ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பொங்கலுக்கு ஊருக்குப் போவதானால் தீனி டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிடாதீர்கள், பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் என்று மடித்து, தேதி எழுதி, ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பிய கேனோடு கொடுத்து, கண்ணாடியில் போட்ட அந்தக் கோட்டைக் காட்டி, "இது வரைக்கும் ஊத்துங்கக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.