மாலத்தீவில் பாய்ப் படகேறி அந்தி பார்க்க: நெல்லைச் சீமையிலிருந்து போகிறவர்களுக்கு

தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு என நம் கரை கிழக்கு பார்த்த கரை. சூரியன் கடலில் எழும். அடைவது பனங்காட்டுக்குப் பின்னால். கடலுக்குள் அது இறங்குவதைப் பார்க்கக் கன்னியாகுமரிக்குப் போக வேண்டும், அங்கும் எல்லா மாதமும் கிடைக்காது. ஆகவே மாலத்தீவு போகிறவர்கள் ஒரு சாயங்காலத்தைப் பாய்ப் படகுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

நெல்லையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 150 கி.மீ. அங்கிருந்து மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள். இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா இறங்கியதும் இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்னும் பயணிகள் விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பாய் விரிப்பீர்களா, எவ்வளவு நேரம்? விளம்பரத்தில் 'தோனி' என்றிருக்கும். நம் தோணிதான் அது, சொல்லும் ஒன்றே. முன்பு பாயில் ஓடியவை, இப்போது பெரும்பாலும் டீசல் எஞ்சினில் ஓடுகின்றன. பாய் அலங்காரத்துக்குச் சுருட்டிக் கிடக்கும். எஞ்சின் இரைச்சலில் இரண்டு மணி நேரம் சுற்றி வருவதற்கும், எஞ்சினை நிறுத்திப் பாயில் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். உண்மையான பாய் ஓட்டம் வேண்டுமானால் பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட கேடமரான் படகில்தான் கிடைக்கும். அது அதிகம் சாயாது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே நல்லது. ஒற்றை உடல் படகு நல்ல காற்றில் 15, 20 பாகை சாயும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆச்சியைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

விலையில் '60 டாலர் ++' என்று போட்டிருந்தால் அது 60 அல்ல. 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்த்து 66, அதன் மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி. 77 டாலரைத் தாண்டும்.

நேரத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. மாலே கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்தங்கியது. ஆனால் சில ரிசார்ட்டுகள் தங்கள் தீவுக்கென்று ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருப்பார்கள். வரவேற்பறைக் கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மாலே நேரப்படி சூரியன் அடைவது ஆண்டு முழுக்க ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையே. படகு அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது கிளம்ப வேண்டும். நிலநடுக்கோட்டுப் பக்கம் என்பதால் அந்தி நீளாது. சூரியன் மூழ்கி இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும்.

இனி காற்று. இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று, வானம் தெளிவு. மே முதல் அக்டோபர் வரை மேற்கிலிருந்து கச்சான். மேகமும் அலையும் கூடும். 10 முதல் 15 நாட் காற்று, அதாவது மணிக்கு 18 முதல் 28 கி.மீ., இருந்தால் ஓட்டம் அருமை. 5 நாட் வேகத்துக்குக் கீழே போனால் எஞ்சினைப் போட்டுவிடுவார்கள். 20 தாண்டினால் பாயைக் குறுக்கிக் கட்டுவார்கள், அல்லது பயணமே ரத்தாகும். முதல் நாள் இரவே காற்று காட்டும் செயலியில் பார்த்து, காற்றில்லை என்றால் வேறு நாள் கேளுங்கள்.

உட்காரும் இடத்தையும் காற்றே தீர்மானிக்கும். பாய் எப்போதும் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் விரியும். வடகிழக்குக் காற்றில் படகு தெற்கே போனாலும் வடக்கே போனாலும் பாய் மேற்கில்தான் தள்ளி நிற்கும். நடுவில் உட்கார்ந்தவருக்குச் சூரியனுக்குப் பதில் பாய்த்துணிதான் தெரியும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கட்டியிருக்கும் வலைக்குப் போய்விடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் பாய் கிழக்கே ஒதுங்குவதால் மேற்கு திறந்து கிடக்கும், ஆனால் சாரலும் அந்தப் பக்கத்திலிருந்தே முகத்தில் அடிக்கும்.

படகு திசை மாறும்போது பாயின் அடியில் உள்ள நீளக் கட்டை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சட்டென்று வீசும். மாலுமி குரல் கொடுத்ததும் தலையைக் குனியுங்கள். எழுந்து நின்று படம் எடுக்காதீர்கள். கயிறு சுற்றும் உருளை அருகே துப்பட்டா, சேலை முந்தானை போகக் கூடாது. சுடிதாரோ பேன்ட்டோ போட்டு, துப்பட்டாவை விட்டுவிட்டு வாருங்கள். செருப்பைக் கரையிலேயே கூடையில் போடச் சொல்வார்கள்.

குமட்டல் வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லி அளவு ஏதாவது போதும். டாக்டர் எழுதிய மாத்திரையை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அதிகப் பலனில்லை. கூடவே மருந்துச் சீட்டும் இருக்கட்டும். போனைக் குனிந்து பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள். கழிப்பறைக்குள் போய் அடைந்துகொண்டால் குமட்டல் இன்னும் கூடும். அப்படியும் வாந்தி வந்தால் காற்று போகும் பக்கத்து விளிம்புக்குப் போங்கள். உயிர்காப்பு உடை மாட்டியிருக்க வேண்டும், ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

போன் கண்ணாடியில் உப்புப் படலம் படியும். உலர்ந்த பருத்தித் துணியை நெகிழிப் பையில் வைத்து எடுத்துப் போய், சூரியன் தொடுவானத்தைத் தொடுமுன் ஒரு முறை துடைத்துவிடுங்கள். திரும்பி வந்து இறங்கும்போது படித்துறை ஈரமாகவும் பாசியாகவும் இருக்கும். குழந்தையை முதலில் மாலுமி கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் வெறுமையாக வைத்துக்கொண்டு நீங்கள் இறங்குங்கள்.