பழைய கரண்ட் பாக்கி என்று பில் வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள்

லண்டனில் வீடு பிடித்து, கரண்ட், கேஸ் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டீர்களா? அப்படியென்றால் இதைப் படித்து வையுங்கள்.

ஹாரோவில் எங்கள் வாடகை வீட்டு மீட்டர் மாடிப்படிக்குக் கீழே, ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் இருந்தது. யாரும் வந்து பார்த்ததில்லை. பில்லில் ‘எஸ்டிமேட்டட்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதாவது கம்பெனி உத்தேசமாகப் போட்ட கணக்கு. நாங்களும் கட்டிக்கொண்டே வந்தோம். 26 மாதம் கழித்து, உண்மையில் எரித்தது அதைவிட அதிகம், 1,640 பவுண்ட் பாக்கி என்று ஒரே பில்லாக வந்தது. போன் செய்தால், “நீங்கள் எரித்த கரண்ட்தானே, தவணையில் கட்டுங்கள்” என்றார்கள். நாங்கள் சரி என்று சொல்ல இருந்தோம். கீழ்வீட்டு அக்காதான் தடுத்தார்.

அவர் சொன்ன விதிக்குப் பெயர் பேக் பில்லிங். 2018 முதல் வீட்டு இணைப்புகளுக்கு, கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கம்பெனியின் லைசென்சிலேயே இருக்கிறது. கம்பெனி சரியாகக் கணக்குப் போடாமல் விட்டிருந்தால், பில் அனுப்பும் நாளிலிருந்து 12 மாதத்துக்கு முன் எரித்ததற்குப் பணம் கேட்க முடியாது. மீட்டர் பார்க்க வந்தவரை நீங்கள் வேண்டுமென்றே தடுத்திருந்தால் இது பொருந்தாது. முன்பே சரியாக வந்த பில்லைக் கட்டாமல் விட்டிருந்தாலும் பொருந்தாது.

இது அந்தக் கம்பெனிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. புதிதாக வந்தவர்கள் பயந்து கட்டிவிடுகிறோம். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு தம்பி கேட்டார். கம்ப்ளெயின்ட் கொடுப்பதற்கும் விசாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

போனில் வாதாடாமல் ஈமெயில் அனுப்புங்கள். ‘இது கம்ப்ளெயின்ட்’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். ‘பேக் பில்லிங் விதிப்படி 12 மாதத்துக்கு முந்தைய தொகையை நீக்குங்கள்’ என்று அடுத்த வரி. மீட்டர் போட்டோவையும் இணையுங்கள். ஈமெயில் அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள், கம்பெனிக்கான கெடு அதிலிருந்துதான் ஓடும். 8 வாரத்தில் தீர்வு வராவிட்டால், அல்லது இதற்கு மேல் முடியாது என்று அவர்களே ‘டெட்லாக்’ கடிதம் அனுப்பினால், இந்தப் புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் எனர்ஜி ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். செலவு கிடையாது. அங்கே வரும் முடிவை நீங்கள் ஏற்றால் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஆஃப்ஜெமுக்கே நேராக எழுதிப் பயனில்லை. தனி ஆளின் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை.

இதற்கிடையில், நியாயமாகப் படும் தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். மொத்தமாக நிறுத்தினால் கடன் வசூலுக்குப் போய்விடும்.

எங்களுக்கு ஆறாவது வாரம் பதில் வந்தது. முதல் 14 மாதத்துக்கான தொகையை நீக்கிவிட்டார்கள். மீதியைத் தவணையில் கட்டினோம். இப்போது ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, போன் டார்ச்சை அடித்து மீட்டரைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன்.

ஈமெயில் எழுதத் தயக்கமாக இருந்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் இலவச எண் 0808 223 1133. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.