பள்ளத்து வயலில் தொடங்குங்கள்

நெல் ரக ஆராய்ச்சியில் பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். மகசூல் கூடினாலே ஏழை வீட்டுக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்றுதான் நானும் தொடக்கத்தில் நம்பினேன். ஆனால் புதிய ரகத்தை யாருடைய நிலத்தில், யாரிடம் கேட்டுச் சோதித்தோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வயல் சோதனை நடத்தப் போகிறவர்களுக்காக, எனக்குக் கைகொடுத்த முறையை எழுதுகிறேன்.

முதல் முறை போகும்போது விதை மூட்டையோடு போகாதீர்கள். வீட்டு நெல் எந்த மாதம் தீர்கிறது, அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். சிறு விவசாயிகளில் நிறைய பேர் வருடத்தில் சில மாதம் அரிசி வாங்கித்தான் சாப்பிடுகிறார்கள். அறுவடைக்கு முன்னால் கடன் வாங்கும் வீட்டுக்கு, கூடுதலாகச் சில மூட்டை தரும் ரகத்தைவிட இருபது நாள் முந்தி விளையும் ரகம் பெரிய உதவியாக இருக்கலாம்.

அடுத்தது நிலம். சோதனைக்கு முதலில் இடம் தர முன்வருபவரிடம் பெரும்பாலும் நல்ல பாசனம் இருக்கும். அங்கே எந்த ரகமும் சுமாராகவாவது வந்துவிடும். கடைமடை எது, உவர் நிலம் எது, தண்ணீர் தேங்கும் பள்ளம் எது என்று விசாரித்து அங்கே போங்கள். ஒடிசா நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகத்தில், தண்ணீரில் மூழ்கினாலும் பயிரைத் தாக்குப்பிடிக்க வைக்கும் சப்1 என்ற மரபணு இருந்தது. அதை, விவசாயிகள் பரவலாகப் பயிரிடும் ஸ்வர்ணா ரகத்தில் சேர்த்து 2009-இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். அந்தப் புது ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்து எழும். வெள்ளம் வராத வருடத்திலும் மகசூல் குறையாது. ஒடிசாவில் வெள்ளம் தேங்கும் வயல்கள் பட்டியல் சாதியினரிடம் அதிகம் இருப்பதால், பலனும் அவர்களுக்கு அதிகமாகப் போய்ச் சேர வழி இருந்தது என்று ஆய்வில் தெரிந்தது. சோர்ந்துபோகும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சோதனைத் திடல் அமைக்கத் தாய்-சேய் முறை நல்லது. 1990-களில் மலாவியில் உருவான முறை. ஊருக்குப் பொதுவான தாய்த் திடலில் எல்லா ரகத்தையும் நடுங்கள். வீட்டுக்கு வீடு சேய்த் திடலில் இரண்டு மூன்று ரகம் போதும், பக்கத்திலேயே அவர்களுடைய பழைய ரகமும் இருக்கட்டும். உரம், களை, தண்ணீர் எல்லாம் அவர்கள் வழக்கப்படியே நடக்க வேண்டும். இலவச உரம் கொடுத்துவிட்டால், கூடின மகசூல் ரகத்தால் வந்ததா உரத்தால் வந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒருமுறை தவறினேன். எங்கள் ரகம் எல்லா வயலிலும் முதலிடம். அடுத்த பருவம் ஒருவர்கூட விதைக்கவில்லை. பெண்களிடம் கேட்ட பிறகுதான் விவரம் தெரிந்தது. கதிரிலிருந்து மணி எளிதில் உதிராததால் போரடிக்க அரை நாள் கூடுதலாகப் பிடித்ததாம். காலையில் வடித்த சோறு இரவுக்குள் விறைத்துப்போனதாம். நான் அதுவரை ஆண்களிடம் மட்டுமே கருத்துக் கேட்டிருந்தேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. 1966-இல் வெளிவந்த ஐஆர்8 என்ற நெல் ரகத்துக்கும் இது போன்ற குறை சொன்னார்கள்: மகசூல் அபாரம், ஆனால் அரைத்தால் நொய் அதிகம், ஆறினால் சோறு கெட்டி.

அதனால் நெல்லோடு வைக்கோலையும் எடை போடுங்கள், மாடு வைத்திருப்பவருக்கு அது முக்கியம். எத்தனை ஆள் வேலை, அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். நிலமில்லாத கூலியாட்களையும் கேளுங்கள். ரகத்தின் பெயரைச் சொல்லாமல், அரிசிக்கு எண் மட்டும் போட்டுச் சமைத்து, சூடாக ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை சாப்பிடச் சொல்லுங்கள்.

கடைசியாக விதை. நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். வீரிய ஒட்டு ரகமாக இல்லாவிட்டால் வீட்டிலேயே விதை எடுத்து வைக்கலாம். பூக்கும்போதும் அறுவடைக்கு முன்பும் கலப்பன்களை, அதாவது வயலில் கலந்து முளைத்த வேறு ரகச் செடிகளை, பிடுங்கி, வயலின் நடுப்பகுதியிலிருந்து கதிர் எடுத்து, நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாமல் மூடினால் போதும். கொடுத்த விதையின் அளவை அறுவடையில் திரும்ப வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். மூன்றாம் பருவத்தில், நீங்கள் கொடுக்காமலேயே எத்தனை வீட்டில் அந்த ரகம் நிற்கிறது என்று நடந்து போய் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை மகசூல் அட்டவணைக்கு மேலே எழுதுங்கள்.